பூட்டிய வீட்டில் லித்தியம் பற்றரி: நெடுநாள் ஓய்வுக்கு வைக்கும் முறை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கூரைச் சூரியத் தகடுகளோடு லித்தியம் பற்றரியும் பொருத்தப்பட்ட வீடுகள் இரு வகைப்படும். ஆண்டு முழுவதும் ஆள் புழங்கும் வீடு ஒரு வகை. உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வாழ்ந்துகொண்டு, நல்லூர்த் திருவிழாவை ஒட்டியோ பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டியோ சில வாரங்கள் வந்து தங்கி, மீதி நாளெல்லாம் பூட்டி வைத்திருக்கும் வீடு மற்றொரு வகை. முதல் வகை வீட்டில் பற்றரி உழைக்கிறது. இரண்டாவதில் அது பத்து மாதம் சும்மா இருக்கிறது. விற்பனையாளர் தரும் கையேடுகள் பெரும்பாலும் உழைக்கும் பற்றரியைப் பற்றியே பேசுகின்றன. சும்மா இருக்கும் பற்றரியைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதியோ குளிர்நாட்டாருக்காக, குறிப்பாக படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அமைந்து சாலையில் ஓடும் வீட்டு வண்டிகளைப் பனிக்காலம் முழுவதும் நிறுத்தி வைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே குடாநாட்டுக்குக் கொண்டுவந்தால் பாதி பொருந்தும், மறுபாதி தலைகீழாகும். எந்தப் பாதி எது என்று பிரித்துக் காட்டுவதே இவ்வத்தியாயத்தின் வேலை.

இத்தகைய பற்றரிகள் இங்கு வீடுகளுக்குள் வந்து சேர்ந்தமைக்குக் காரணங்கள் அண்மைக் காலத்தவை. கூரைச் சூரிய மின்னை ஊக்குவிக்கும் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, தகடு மட்டும் இருந்து பயனில்லை, மின்னைச் சேர்த்து வைக்கும் பெட்டியும் வேண்டும் என்பது இலங்கை முழுவதும் உணரப்பட்டது. தீவுப் பகுதியில் இந்தத் தேவை இன்னும் பழையது. எழுவைதீவில் சூரியன், காற்று, டீசல் ஆகியவற்றோடு லித்தியம் பற்றரியும் இணைந்த சிறு மின்தொகுதி ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் அதுபோன்ற தொகுதிகளை இந்திய நன்கொடையில் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. போர்க்காலத்தில் டோர்ச் லைற்றுக்கான சிறு பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாக இருந்து, மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டு, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த தொண்ணூறுகளை நினைவில் வைத்திருக்கும் குடாநாட்டவருக்கு, சுவரில் தொங்கும் ஒரு பெட்டி இரவு முழுவதும் வீட்டை நடத்துவது சிறிய செய்தியல்ல. அந்தப் பெட்டி கவனிப்பில்லாமல் கெட்டுப்போவது பண நட்டத்தையும் கடந்த இழப்பு.

பேச்சுவழக்கில் 'பற்றரி' எனப்படுவது தனிப் பொருளன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 வோல்ற்றுத் தரும் கலங்கள் பலவற்றைத் தொடராக இணைத்துப் பெட்டியில் அடைத்த தொகுதியே அது. வீடுகளில் பெரிதும் காணப்படும் 51.2 வோல்ற்றுப் பற்றரியில் 16 கலங்கள் உள்ளன. வீட்டு வண்டிகளிலும் படகுகளிலும் பயன்படும் 12.8 வோல்ற்றுப் பற்றரியில் 4 கலங்கள். இவற்றின் நேர்முனைப் பொருள் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று, எதிர்முனை பென்சிற்கரி. பொஸ்பேற்று, சல்பேற்று போன்ற கூட்டு அயனிகளைக் கொண்ட பொருள்களை மின்முனைகளாக்கலாம் என்னும் சிந்தனையை எண்பதுகளில் பற்றரி ஆய்வாளர் ஜோன் குடினஃபோடு சேர்ந்து ஆய்ந்தவர், தமிழ்நாட்டின் தென்பகுதிச் சிற்றூரான அமராபுரத்தில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். அந்த வழியில் தொடர்ந்த ஆய்விலிருந்தே இரும்புப் பொஸ்பேற்று மின்முனை 1997இல் வெளியான ஆய்வுக் கட்டுரை மூலம் உலகுக்குத் தெரியவந்தது. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, அவர் சார்பில் ஸ்ரொக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே.

ஒவ்வொரு பற்றரிப் பெட்டிக்குள்ளும் கலங்களைக் காவல் காக்கும் ஓர் இலத்திரனியற் பலகை இருக்கிறது. பி.எம்.எஸ். என்று தொழிலாளர் அழைக்கும் இந்தப் பற்றரி முகாமைத் தொகுதி, கலங்களின் வோல்ற்றளவையும் வெப்பநிலையையும் இடைவிடாது அளந்து, வரம்பு மீறினால் இணைப்பைத் துண்டிக்கிறது. காவலாளிக்கும் சோறு வேண்டும் என்பதுபோல, இந்தப் பலகை தன் வேலைக்கான மின்னை அதே கலங்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது என்பதை இங்கேயே மனத்தில் இருத்துவது நல்லது. பின்னால் வரும் கணக்குகள் பலவும் இதைச் சுற்றியவை.

ஓய்விலும் முதுமை

இரும்புப் பொஸ்பேற்றுப் பற்றரிகளின் விவரத்தாளில் '6000 சுற்று' என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சுற்று என்பது ஒரு முறை நிரப்பி ஒரு முறை வெறுமையாக்குவது. நாளுக்கு ஒரு சுற்று ஓடும் வீட்டில் இந்த எண் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் புழங்கும் வீட்டிலோ ஆண்டுக்கு அறுபது சுற்றுத்தான் ஓடும். அந்தக் கணக்கில் பற்றரி நூறாண்டு வாழ வேண்டும். அது நடவாது. ஏனெனில் கலம் இரண்டு வழிகளில் முதுமை அடைகிறது: ஒன்று உழைப்பால் வரும் தேய்வு, மற்றொன்று வெறுமனே காலம் செல்வதால் வரும் தேய்வு. பூட்டிய வீட்டுப் பற்றரியின் ஆயுளைத் தீர்மானிப்பது இரண்டாவது. ஆகவே அதை ஓய்வில் வைக்கும் முறைதான் அதன் ஆயுள். எந்த நிறுவனத்தின் பற்றரி என்று ஆராய்வதில் செலவாகும் அக்கறையில் ஒரு பங்கு, அது எந்த அறையில், எந்த நிலையில் ஓய்வெடுக்கும் என்பதற்கும் செலவாக வேண்டும்.

காலத்தேய்வு நடப்பது பெரும்பாலும் பென்சிற்கரி முனையின் மேற்பரப்பில். கலம் முதன்முதல் மின்னேற்றப்படும்போதே அங்கே மின்பகு திரவம் சிறிது சிதைந்து, மெல்லிய படலமொன்று உருவாகிறது. அந்தப் படலம் கரியைக் காப்பதால் அது தேவையானதே. ஆனால் அது அத்தோடு நின்றுவிடாமல் ஆண்டாண்டாகத் தடித்துக்கொண்டே போகிறது, தடிக்கும்போது பயன்படக்கூடிய லித்தியத்தைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. படலம் தடிக்கும் வேகத்தைக் கூட்டுபவை இரண்டு: வெப்பம், முழு மின்னேற்றம். வேதிவினைகளின் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை 1889இல் சுவீடன் வேதியியலாளர் அறேனியஸ் எடுத்துரைத்தார். அதன் எளிய நடைமுறை வடிவம், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது. 25 பாகை உள்ள அறையில் ஓராண்டில் நேரும் தேய்வு, 35 பாகை அறையில் ஆறு மாதத்திலேயே நேர்ந்துவிடும். தகரக் கூரையின் கீழ் 45 பாகையில் மூன்று மாதம் போதும். இது தோராயக் கணக்குத்தான் எனினும், எந்த அறை என்னும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

முழு மின்னேற்றம் கெடுதல் என்பதை ஏற்றுக்கொள்வது பலருக்கும் கடினமாக இருக்கிறது. ஈய அமிலப் பற்றரியோடு வாழ்ந்த பழக்கமே இதற்குக் காரணம். கார், உழவு இயந்திரம், பழைய இன்வெர்ட்டர் ஆகியவற்றில் உள்ள ஈய அமிலப் பற்றரியைப் பாதி மின்னேற்றத்தில் விட்டால் அதன் தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படிகம் இறுகி, பற்றரி உயிரிழக்கும்; ஆகவே அதை நிரப்பியே வைக்க வேண்டும் என்று தந்தைமார் சொல்லிக் கொடுத்தது முற்றிலும் சரி. அந்த நல்ல பழக்கத்தை லித்தியத்துக்கும் நீட்டி, 'ஊருக்குப் போக முன் நூறு வீதம் ஏற்றிவிட்டுப் பூட்டுவோம்' என்று செய்வதுதான் தவறு. லித்தியம் கலத்துக்குச் சல்பேற்று நோய் இல்லை. அது பாதி வயிற்றோடு உறங்குவதையே விரும்புகிறது. நெடுநாள் ஓய்வுக்கு 50 முதல் 60 வீதம் வரையான மின்னேற்றம் பொருத்தமானது. தன்னியல்பாக மின் குறைவதற்கும் பி.எம்.எஸ். உண்பதற்கும் அதில் இடமிருக்கிறது, படலத்தை விரைவாக்கும் நிறைவும் அதில் இல்லை.

அறையைத் தெரிவு செய்தல்

குடாநாட்டில் பற்றரி வைக்கப்படும் மிக மோசமான இடம், கிணற்றடியில் நீர்ப்பம்பிக்காகக் கட்டிய தகரக் கொட்டில். இடம் சும்மா கிடக்கிறது, கம்பி இழுக்கக் கிட்ட இருக்கிறது என்ற வசதிக்காக அது தெரிவு செய்யப்படுகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் அது அடுப்பாகவும் மாரியில் ஈரக்கிடங்காகவும் மாறுகிறது. அடுத்து மோசமானது கொங்கிறீற்றுத் தட்டுக் கூரை போட்ட புதிய வீட்டின் மாடியறை. பகலெல்லாம் வெயிலை உண்ட தட்டு இரவில் அதை அறைக்குள் விடுவதால், பூட்டிய ஜன்னல்களுக்குள் அவ்வறை விடியும்வரை ஆறுவதில்லை. மாலை வெயில் நேராகத் தாக்கும் மேற்குச் சுவரில் பற்றரியைத் தொங்கவிடுவதும் இதே வகைப் பிழை.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய தடித்த சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய நாற்சார் வீடுகள் இவ்விடயத்தில் பேறு பெற்றவை. நடுமுற்றத்தை ஒட்டிய, வெளிச்சுவர் இல்லாத உள்ளறை நண்பகலிலும் முற்றத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். விதை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள நிழலிடத்தில் தொங்கவிட்டு அடுத்த போகம் வரை காக்கும் விவசாயிக்கு எந்த இடம் நல்லது என்று தெரியும். பற்றரிக்கும் ஏறத்தாழ அதே இடம்தான். புதிய வீடுகளில் கீழ்த்தளத்தின் வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறையை எடுத்து, கூரைக்கருகே வலையடித்த காற்றுத் துளை இரண்டு விட்டால் போதும். படுக்கையறையும் மாடிப்படியின் கீழும் தவிர்க்கப்பட வேண்டும். இரும்புப் பொஸ்பேற்றுக் கலம் ஏனைய லித்தியம் வகைகளைவிடத் தீக்கு எளிதில் ஆளாகாதது உண்மையாயினும், பழுதடைந்தால் எரியக்கூடிய வாயுவை வெளிவிடும். ஆட்கள் வெளியேறும் வழியில் அது இருக்கக் கூடாது.

தெரிவு செய்த அறை உண்மையில் குளிர்ந்ததா என்பதை ஊகித்து முடிவு செய்யாமல், ஆகக்கூடிய வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் மலிவான வெப்பமானி ஒன்றைச் சித்திரையில் ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்ப்பது நல்லது. 30 பாகையை ஒட்டி நின்றால் குடாநாட்டுக்கு அது நல்ல அறை. 35ஐக் கடந்தால் வேறிடம் தேட வேண்டும்.

பூட்டுவதற்கு முந்திய மூன்று நாள்

பற்றரியை 50 முதல் 60 வீதத்துக்குக் கொண்டுவருவது எளிதாகத் தோன்றினாலும், அதில் ஒரு நுட்பம் உண்டு. ஈய அமிலப் பற்றரியில் வோல்ற்றுமானியை வைத்தால் மின்னேற்ற நிலை ஓரளவு தெரிந்துவிடும். இரும்புப் பொஸ்பேற்றுக் கலத்திலோ 20 வீதத்திலிருந்து 80 வீதம் வரை வோல்ற்றளவு 3.2க்கும் 3.3க்கும் சற்று மேலான அளவுக்கும் இடையிலேயே ஏறத்தாழ மட்டமாகக் கிடக்கும். ஆகவே வோல்ற்றுமானி ஏமாற்றும். உள்ளே போன மின்னையும் வெளியே வந்த மின்னையும் எண்ணும் பி.எம்.எஸ்.இன் கணக்கே நம்பத்தக்கது. அந்தக் கணக்கும் மாதக்கணக்கில் சிறு வழுக்களைச் சேர்த்து விலகிப்போவதால், முதலில் பற்றரியை ஒரு முறை முழுமையாக ஏற்றி, சில மணிநேரம் அந்நிலையில் விட வேண்டும். அப்போது பலகை தன் கணக்கை நூறு வீதத்துக்குத் திருத்திக்கொள்வதோடு, கலங்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வையும் சமப்படுத்துகிறது. பிறகு சூரியத் தகட்டையும் வெளி மின்னையும் நிறுத்தி, மின்விசிறி, குளிர்பெட்டி போன்றவற்றைப் பற்றரியிலேயே ஓடவிட்டு 60 வீதத்தை ஒட்டி இறக்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னரே இதைத் தொடங்கினால் அவசரம் இருக்காது. வாகனம் வாசலில் வந்து நின்ற பிறகு செய்யும் வேலையன்று இது.

அடுத்தது துண்டிக்கும் ஒழுங்கு. முதலில் வீட்டுச் சுமைகளும், பின்னர் இன்வெர்ட்டருக்கு வரும் வெளிமின்னும், அதன்பின் சூரியத் தகட்டின் நேரோட்டப் பிரேக்கரும், இறுதியாகப் பற்றரியும் நிறுத்தப்பட வேண்டும். தகடு மின் தந்துகொண்டிருக்கையில் பற்றரியைப் பிடுங்கினால், அந்த மின் போக இடமின்றி மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் வோல்ற்றளவு திடீரென உயர்ந்து, கருவி எரியக்கூடும். திறக்கும்போது ஒழுங்கு மாறும்: பற்றரி முதலில், தகடு பிறகு. தகட்டுக் கம்பிகளின் இணைப்பிகளை மின் ஓடும்போது கையால் பிரித்தால், நேரோட்டத்தில் எழும் மின்வில் எளிதில் அணையாது என்பதால், பிரேக்கரை விழுத்தாமல் அவற்றைத் தொடவே கூடாது.

இன்வெர்ட்டரை நிறுத்தியதும் எல்லாம் நின்றுவிட்டதாக நினைப்பது பெரும்பாலான இழப்புகளுக்கு வேர். சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் ஒன்று 50 வாற்று உண்பதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 1.2 கிலோவாற்று மணி போகும், 51.2 வோல்ற்று, 100 அம்பியர் மணிப் பற்றரியின் பாதி இரண்டே நாளில் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டரை முற்றாகத் துண்டித்தாலும், பி.எம்.எஸ். விழித்திருந்தால் அது உண்ணும் ஓட்டம் தொடர்கிறது. அந்த ஓட்டம் 20 மில்லி அம்பியர் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 14.4 அம்பியர் மணி. 50 அம்பியர் மணி மூன்றரை மாதத்தில் முடியும். ஆகவே பற்றரிப் பெட்டியிலேயே உள்ள ஆளியையும் நிறுத்தி, முகப்பு விளக்குகள் முற்றாக அணைந்தனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகள் பக்கமிணைப்பில் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துவது அவசியம். ஒன்று விழித்திருந்தால் தொடர்புக் கம்பி வழியே ஏனையவற்றையும் எழுப்பிவிடும் அமைப்புகளும் உண்டு. இவ்வாறு உறங்க வைத்த பெட்டியில் கலங்களின் தன்னியல்பான மின்குறைவு மட்டுமே மிஞ்சும். அது மாதத்துக்கு 2, 3 வீதத்தைத் தாண்டுவது அரிது.

கூரைத் தகடு பொது மின்வலைக்கு மின் விற்று வருமானம் தரும் வீடுகளில், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் போக உரிமையாளர் தயங்குவது இயல்பே. பற்றரியைப் பிரித்துவிட்டும் தகட்டு மின்னை வெளியே அனுப்பக்கூடிய இன்வெர்ட்டர்கள் உள்ளன, பற்றரி இல்லாவிட்டால் இயங்க மறுப்பவையும் உள்ளன. கருவியின் கையேட்டில் இதைப் பார்த்துத் தெளிய வேண்டும். கண்காணிப்புக் கமெரா போன்ற சிறு தேவைக்காகப் பற்றரியை இயக்கத்தில் விட வேண்டியிருந்தால், மேல்வரம்பை 80 வீதத்தளவிலும் கீழ்வரம்பை 30 வீதத்தளவிலும் நிறுத்தி வைப்பது நடுவழி. ஒரு கமெராவுக்காகப் பெரிய பற்றரியை ஆண்டு முழுவதும் விழிக்க வைப்பதைவிட, அதற்குத் தனிச் சிறு பற்றரி ஒன்று வாங்குவதே மேலானது என்பது இந்நூலின் கருத்து.

பார்க்க வருபவருக்கான தாள்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை யாராவது பெட்டியைப் பார்க்க வேண்டும். தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, ஆடிப்பிறப்பு, ஐப்பசியில் மாரி தொடங்கு முன் என்று நாட்களைக் குறித்துக் கொடுத்தால், வீடு பார்க்கும் உறவினருக்கு மறவாது. அவர் மின்தொழிலாளியாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியை எழுப்பி, திரையில் தெரியும் வீதத்தையும் வோல்ற்றளவையும் அருகில் ஒட்டிய தாளில் திகதியோடு எழுதி, பெட்டி வீங்கியிருக்கிறதா, மணம் வருகிறதா, முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீண்டும் உறங்க வைத்தால் போதும். 16 கலப் பற்றரியில் 52 வோல்ற்றுக்கு மேல் நின்றால் கவலையில்லை. 51க்குக் கீழ் இறங்கியிருந்தால் அது அடிமட்டத்தை நெருங்குகிறது என்பதால், மறுநாளே தகட்டை இணைத்து 60 வீதத்துக்கு ஏற்ற வேண்டும். தாளின் படத்தைக் கைபேசியில் உரிமையாளருக்கு அனுப்பச் சொல்வது இரு தரப்புக்கும் நிம்மதி.

இன்னும் கட்டி முடியாத வீட்டுக்காகப் பற்றரியை முன்கூட்டி வாங்கி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்காக விமானத்தில் அனுப்பப்படும் லித்தியம் அயன் பற்றரிகள் 30 வீதத்துக்கு மேல் மின்னேற்றம் கொண்டிருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. எனவே அட்டைப்பெட்டி திறக்காத புதிய பற்றரி நிறைந்த பற்றரி என்று எண்ணி ஓராண்டு மூலையில் விடுவது அதை வெறுமையாக்கும் வழியாகலாம். வாங்கிய வாரத்திலேயே எழுப்பிப் பார்த்து, குறைவாக இருந்தால் ஏற்றி வைக்க வேண்டும்.

பனிநாட்டில் உள்ளவர்களுக்கு

கனடாவிலும் நோர்வேயிலும் வீட்டு வண்டியோ கோடைக்குடிலோ வைத்திருக்கும் தமிழர்களுக்கு நிலைமை வேறு. கடும் பனி ஈய அமிலப் பற்றரிக்குத்தான் உண்மையான பகை. வெறுமையான அப்பற்றரியில் அமிலம் நீர்த்துப்போய், சுழியத்துக்குக் கீழ் சில பாகையிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். லித்தியம் கலத்தின் மின்பகு திரவம் நீரல்லாததால் இவ்வாறு உறைவதில்லை. சும்மா இருக்கும் கலத்துக்குக் குளிர், முதுமையை ஏறக்குறைய நிறுத்தி வைக்கும் காவல். தயாரிப்பாளர் பலர் சுழியத்துக்குக் கீழ் 20 பாகை வரை வைத்திருக்க இடமளிக்கிறார்கள்.

ஆபத்து வருவது உறைகுளிரில் மின்னேற்றும்போது. சுழியத்துக்குக் கீழ் பென்சிற்கரியின் அடுக்குகளுக்குள் லித்தியம் நுழையும் வேகம் மிகக் குறைவதால், வந்து சேரும் லித்தியம் உள்ளே போக முடியாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. அப்படிப் படிந்ததில் பெரும்பகுதி மீளாது. முள்போல் வளர்ந்து கலத்துக்குள் குறுஞ்சுற்றையும் உண்டாக்கலாம். வண்டியின் கூரையில் உள்ள சூரியத் தகடு, பனிக்கால நண்பகலில் யாரும் அறியாமல் மின்னேற்றத் தொடங்குவதுதான் இது நேரும் வழக்கமான வழி. ஆகையால் அங்கும் தகட்டைத் துண்டித்து, பாதி மின்னேற்றத்தில் பற்றரியை உறங்க வைப்பதே முறை. தானே சூடேற்றிக்கொள்ளும் பற்றரிகளில் சூடேற்றியின் ஆளியையும் நிறுத்த வேண்டும். இல்லையேல் ஏற்ற மின் இல்லாதபோதும் சில அமைப்புகளில் அது சேமித்த மின்னையே உண்டு தீர்க்கும். கழற்ற இயலுமானால் வீட்டின் நிலக்கீழ் அறை நல்ல இடம், சூடேற்றும் உலையின் அருகு மட்டும் கூடாது.

ஆக, பாதி நிறைவும் முழுத் துண்டிப்பும் பனிநாட்டுக்கும் பனைநாட்டுக்கும் பொது. 'குளிரிலிருந்து காப்பாற்று' என்று அங்கே சொல்லப்படுவதற்குக் குடாநாட்டில் இடமில்லை. பற்றரியைப் போர்வையால் சுற்றுவதும் வெப்பம் காக்கும் நுரைப்பெட்டிக்குள் அடைப்பதும் இங்கே தீங்கே செய்யும்.

ஈரம், உப்பு, வெள்ளம்

குடாநாட்டின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றோடு வருகிறது. அந்நாளில் பூட்டிய அறையின் ஈரம் முனைகளிலும் பலகையிலும் படியும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, காரைநகர் போன்ற கரையோர ஊர்களில் அதோடு உப்பும் சேரும். முனைகளின் ஆணிகளை உரிய அளவுக்கு இறுக்கி, இறுக்கிய பின்பே வெளிப்பரப்பில் வாசிலின் மெல்லிதாகப் பூச வேண்டும். தொடும் பரப்புகளுக்கிடையே அது போகக் கூடாது. பெட்டியைப் பொலித்தீனால் மூடிக் கட்டுவது ஈரத்தை உள்ளே சிறைவைக்கும். தூசுக்குப் பருத்தித் துணி போதும். சோளகக் காற்றுக் காலத்துத் தூசும், கறையானும், எறும்பும், பலகையின் மேல் செத்துக் குறுஞ்சுற்று ஏற்படுத்தும் பல்லியும் சிறிய விடயங்களாகத் தோன்றினாலும், கம்பி நுழையும் துளைகளை அடைத்துவிடாமல் போவது பெரிய பிழையாக முடியும்.

வெள்ளத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலோடும் 2020 டிசம்பரில் புரெவி புயலோடும் வந்த மழை, குடாநாட்டின் தாழ்நிலங்களில் வீடுகளுக்குள் நீரைக் கொண்டுவந்தது. வழுக்கையாற்றுப் படுகை, கடனீரேரியை ஒட்டிய குடியிருப்புகள் ஆகிய இடங்களில், ஊரார் நினைவிலுள்ள ஆகக்கூடிய நீர்மட்டத்தைக் கேட்டறிந்து, அதற்கு மேல் குறைந்தது இரண்டடி உயரத்தில் பற்றரி இருக்கும்படி சீமெந்து மேடையோ சுவர்த்தாங்கியோ அமைப்பது முதற் கடமை. நீரில் மூழ்கிய பற்றரியை, அதிலும் உப்புநீரில் மூழ்கியதை, காயவைத்துப் பார்ப்போம் என்று இணைக்கவே கூடாது. 2022இல் இயன் சூறாவளியின்போது புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய மின்கார்களுட் சில, நீர் வடிந்து நாட்கள் சென்ற பின்னர் தீப்பற்றின. உப்பு விட்டுச்செல்லும் கடத்துபாதை உள்ளே மெல்ல மெல்லக் குறுஞ்சுற்றை உண்டாக்குவதே காரணம். மூழ்கிய பெட்டியை இயலுமானால் தொழில் தெரிந்தவரைக் கொண்டு வீட்டிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் திறந்த வெளியில் வைத்து, விற்பனையாளருக்கு அறிவிக்க வேண்டும்.

மீண்டும் எழுப்புதல்

வீட்டைத் திறந்த அன்று முதலில் அறையைக் காற்றோட விட்டு, பெட்டியையும் கம்பிகளையும் கண்ணால் பார்த்து, எலி கடித்த தடமோ களிம்போ இருந்தால் சீர்செய்த பின்னரே ஆளியைப் போட வேண்டும். பல பெட்டிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனியாக எழுப்பி வோல்ற்றளவைக் குறித்துக்கொண்டு, அவை ஏறக்குறைய சமமாக இருக்கையில் மட்டும் பக்கமிணைக்க வேண்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் உயர்ந்த பெட்டியிலிருந்து தாழ்ந்ததற்குப் பெரும் ஓட்டம் பாயும்.

பெட்டி எழவே மறுத்தால் பதறத் தேவையில்லை, ஆனால் பொறுமை வேண்டும். கலம் 2.5 வோல்ற்றளவுக்கு இறங்கியபோது பி.எம்.எஸ். தானே கதவை அடைத்திருக்கலாம். சில இன்வெர்ட்டர்கள் இதற்கென உள்ள எழுப்பும் முறையால் சிறிய ஓட்டத்தில் அதை மீட்டுவிடும். அதைவிட ஆழமாக இறங்கியிருந்தால் எதிர்முனையின் செப்புத் தாள் கரையத் தொடங்கியிருக்கக்கூடும். கரைந்த செம்பு, மீண்டும் மின்னேற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து கலத்தை உள்ளேயே இணைத்துவிடும். வெளியில் நலமாகத் தெரியும் அப்படிப்பட்ட பெட்டியை வேறொரு பற்றரியிலிருந்து கம்பி போட்டு எழுப்புவதும், ஈய அமிலப் பற்றரிக்கான மின்னேற்றியைப் பொருத்துவதும் ஊரில் நடக்கிற, கண்டிப்பாக நிறுத்தப்பட வேண்டிய பழக்கங்கள். இத்தகைய பெட்டியை, ஒவ்வொரு கலத்தையும் தனியே அளக்கத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். இரண்டு வோல்ற்றுக்கும் கீழே கிடந்த கலத்தை அவர் மாற்றச் சொன்னால் மாற்றுவதே பாதுகாப்பு.

நல்லபடி எழுந்த பெட்டிக்கு முதல் நாள் பாதி ஓட்டத்தில் மெதுவாக மின்னேற்றி, நூறு வீதத்தில் சில மணிநேரம் நிற்கவிட்டு, கலங்களின் வோல்ற்றளவுகள் ஒன்றோடொன்று நெருங்குகின்றனவா என்று திரையில் பார்க்க வேண்டும். அடுத்த இரவில் எவ்வளவு மின் எடுக்க முடிந்தது என்பதைச் சுவர்த்தாளில் அவ்வாண்டுக்கு எதிரே எழுதி வைத்தால், சென்ற ஆண்டின் எண்ணோடு அதை ஒப்பிட்டு, தெரிவு செய்த அறை சரியானதா என்பதை அந்தத் தாளிலிருந்தே அறியலாம்.